சங்க அலுவலகத்தில் கம்பியில்லா விசைப்பலகை

சங்கத்தின் கணக்கே அங்கத்தினரின் நம்பிக்கை என்பதை நாம் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டு, அதே ஆண்டில் திரூரில் நம் மாநிலத்தின் முதற் சங்கம் தோன்றிய நாள் தொட்டு, சங்கங்கள் வாழ்ந்ததும் தாழ்ந்ததும் கணக்கினாலேதான். பேரேடு சுத்தமாக இருந்த இடத்தில் சங்கம் வளர்ந்தது. பேரேட்டில் அடித்தலும் திருத்தலும் மலிந்த இடத்தில் அங்கத்தினர் ஒவ்வொருவராக விலகிச் சென்றனர். அன்று காரியதரிசியின் கையிலிருந்தது பேனா. இன்று அவர் முன் இருப்பது கணினி. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நாடெங்கிலும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்குவதற்காக ரூ.2,516 கோடி மதிப்பிலான திட்டமொன்றுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கைத்தறி நெசவாளர் சங்கங்களிலும் நூல் இருப்பும் கூலிப் பட்டியலும் கணினிக்கு வந்துவிட்டன.

பேனா கசிந்தால் தாளில் கறை தெரியும். கணினியின் விசைப்பலகை தவறினால் கறை தெரியாது; தவறான எண் அழகாக அச்சாகி வெளிவரும். ஆகவே, பேனாவைப் பற்றி அக்காலத்தவர் கொண்டிருந்த கவனத்தை விசைப்பலகையைப் பற்றி நாம் கொள்வது அவசியமாகிறது. அதிலும், கம்பியில்லாமல் இயங்கும் விசைப்பலகையும், மவுஸ் என்று எல்லோரும் வழங்கும் சுட்டியும் இப்பொழுது பல சங்கங்களின் மேஜைமேல் காணப்படுகின்றன. அவற்றை வாங்குவது, அமைப்பது, காப்பது ஆகியவை குறித்துச் சில வார்த்தைகள் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று பாவு முப்பத்து மூன்று ஆனது

கொங்கு நாட்டில் ஒரு நெசவாளர் சங்கத்திற்கு நாம் சென்றிருந்த சமயம் நிகழ்ந்ததொன்றை முதலில் கூறுவோம். அன்று பாவும் ஊடை நூலும் வழங்கும் நாள். முதியவர் ஒருவர் தம் பங்கை வாங்கிக்கொண்டு, கணினி அச்சிட்டுக் கொடுத்த ரசீதைக் கண்ணாடி அணிந்து படித்தார். படித்தவர் திரும்பி வந்தார்.

"அம்மிணி, நான் வாங்கினது மூன்று பாவு. இதிலே முப்பத்து மூன்று என்று போட்டிருக்கிறதே! என் வீட்டில் இருப்பது ஒரே தறியம்மா" என்றார்.

குமாஸ்தாப் பெண்மணி திடுக்கிட்டு, "நான் ஒரு தடவைதான் அழுத்தினேன் ஐயா" என்றார். அவர் சொன்னது மெய். பதிவு உடனே திருத்தப்பட்டது. ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை. அன்று காலை முதல் வழங்கிய ரசீதுகளின் நகல்களைக் கைச்சிட்டாவோடு ஒப்பிட்டபோது, இன்னும் இரண்டு இடங்களில் எண் இரட்டித்திருந்தது. ஓரிடத்தில் ஒரு சைபர் விழாமலே போயிருந்தது. ரசீதைப் படிக்காமல் மடித்து மடியில் செருகிச் சென்ற மூவரின் பெயரில் தவறான பற்று நின்றது. மாலைக்குள் ஆள் அனுப்பி மூவரையும் அழைத்துக் கணக்கைச் சரிசெய்தார்கள்.

காரணம் என்னவென்று ஆராய்ந்தோம். விசைப்பலகை புதியது, மின்கலமும் புதியது. முந்தைய நாள் வரை ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. அன்று மட்டும் நிகழ்ந்த மாறுதல் ஒன்றே ஒன்று: தணிக்கைக்காகக் கணக்குகளை நகலெடுக்க வேண்டி, வெளித் தகடு ஒன்றைக் கணினியின் பின்புறத்தில் சொருகியிருந்தார்கள். விசைப்பலகையின் ரிசீவர் இருந்த துளைக்குப் பக்கத்துத் துளையில் அது இருந்தது. அதைக் கழற்றியதும் விசைப்பலகை ஒழுங்காக வேலை செய்தது. இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிய, இச்சாதனம் இயங்கும் முறையைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாலிழந்த சுட்டி

விசைப்பலகையின் முன்னோர் தட்டச்சு யந்திரம். 1874ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரெமிங்டன் நிறுவனத்தார் விற்பனைக்குக் கொண்டுவந்த யந்திரத்தில் இருந்த ஆங்கில எழுத்து வரிசைதான் சிற்சில மாற்றங்களுடன் இன்றும் நம் விசைப்பலகைகளில் இருந்து வருகிறது. சுட்டியின் வயது குறைவு. டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அமெரிக்க அறிஞரின் எண்ணத்திற்கு, அவருடன் பணியாற்றிய பில் இங்கிலிஷ் என்பவர் 1964ஆம் ஆண்டில் மரக்கட்டையால் உருவம் கொடுத்தார். அடியில் இரண்டு சக்கரங்கள். மேலே ஒரு பொத்தான். பின்னால் ஒரு கம்பி. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த மாநாட்டில் எங்கல்பார்ட் அதை உலகத்தாருக்குக் காட்டினார். எலி வாலைப் போன்று நீண்ட அந்தக் கம்பியை எண்ணித்தான் அதற்கு எலி என்னும் பொருள்பட மவுஸ் என்ற பெயர் வழங்கலாயிற்று. இன்று நாம் பேசுவது வாலிழந்த எலியைப் பற்றி.

வால் போனபின் செய்தி எப்படிச் செல்கிறது? வானொலி நிலையத்திலிருந்து பாட்டு நம் வீட்டிற்கு வருவதுபோலவேதான். விசையை அழுத்தியதும் பலகைக்குள் இருக்கும் சிறு அனுப்பி, "இன்ன விசை அழுத்தப்பட்டது" என்று ஒரு செய்தியை அலையாக வெளியிடுகிறது. விரலை எடுத்ததும், "விசை விடப்பட்டது" என்று மற்றொரு செய்தி செல்கிறது. கணினியில் சொருகியுள்ள ரிசீவர் இவ்விரண்டையும் வாங்கிக் கணினியிடம் ஒப்படைக்கிறது. இந்த அலை விநாடிக்குச் சுமார் 240 கோடி முறை அதிர்வது. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பது இதைத்தான். வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்திவந்த காலத்தை நம்மில் மூத்தவர்கள் அறிவர். இந்த அலைவரிசையில் இயங்கும் சிறு சக்திச் சாதனங்களுக்கு நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு முதல் உரிமம் வேண்டுவதில்லை.

உரிமம் வேண்டாத வழி எல்லோரும் நடக்கும் வழி. வைஃபை இணைப்பும், சமையலறையிலுள்ள மைக்ரோவேவ் அடுப்பும் இதே வரிசையை ஒட்டியே இயங்குகின்றன. போதாக்குறைக்கு, யு.எஸ்.பி. 3.0 எனப்படும் வேகமான இணைப்பில் தகவல் பாயும்போது, அதன் கம்பியிலிருந்தும் துளையிலிருந்தும் இதே வரிசையில் ஓர் இரைச்சல் கிளம்புகிறது. இதை இன்டெல் நிறுவனத்தாரே 2012ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டுள்ளனர். நாம் கண்ட சங்கத்தில் நிகழ்ந்தது இதுவே. மூன்று என்ற விசை அழுத்தப்பட்ட செய்தி வந்து சேர்ந்தது. விடப்பட்ட செய்தி இரைச்சலில் சிக்கித் தாமதித்தது. விரல் இன்னும் விசைமேல் இருப்பதாகவே கருதிய கணினி, மற்றொரு மூன்றையும் போட்டுவிட்டது. ஒரு சைபர் விழாமற் போனதற்கும் காரணம் அதுவே. அங்கே அழுத்திய செய்தியே வந்து சேரவில்லை.

வாங்குவதற்கு முன்

முதலில், கம்பியில்லாச் சாதனம் நமக்கு வேண்டுமா என்று நிர்வாகக் குழுவினர் யோசிக்க வேண்டும். கம்பியுள்ள விசைப்பலகை விலை குறைவு, மின்கலம் கேட்பதில்லை, அலைத் தொந்தரவு அதற்கில்லை. எனினும், நம் அலுவலகங்களின் நிலைமையை நாம் அறிவோம். மேஜைக்கடியில் கம்பிகள் பின்னிக் கிடக்கும். பஞ்சுத்தூசும் நூல் துணுக்கும் அவற்றில் சேரும். தானியம் வைக்கும் இடமாயின் எலி கடிக்கும். ஒரே மேஜையில் கணினியும் எடைச்சீட்டும் ரொக்கமும் இருக்குமிடத்தில், விசைப்பலகையை வேண்டும்போது ஒதுக்கி வைக்க முடிவது பெரிய சௌகரியம். இச்சௌகரியம் தேவைப்படுவோர் வாங்கலாம்.

வாங்குவோர் இருவகை உண்டென்பதை அறிந்திருக்க வேண்டும். விரல் நகமளவு ரிசீவரோடு வருவது ஒரு வகை. புளூடூத் என்னும் முறையில் இயங்குவது மற்றொரு வகை. மடிக்கணினிகளில் பெரும்பாலும் புளூடூத் உள்ளேயே அமைந்திருக்கும். மேஜைக் கணினிகள் பலவற்றில் அது இராது. ஆகவே, கணினியில் அவ்வசதி உண்டா என்று பாராமல் புளூடூத் வகையை வாங்கிவிட்டுப் பின்னர் வருந்துவதில் பயனில்லை. சங்கத்தின் மேஜைக் கணினிக்கு ரிசீவர் வகையே எளிது என்பது நம் கருத்து. அதற்கு மற்றொரு நன்மையும் உண்டு. கணினி துவங்கும்போது, விண்டோஸ் முழுதும் எழும்பு முன்னரே சில சமயம் விசையை அழுத்த வேண்டிவரும். ரிசீவர் வகை அப்பொழுதும் பெரும்பாலும் வேலை செய்யும். புளூடூத் வகை, விண்டோஸ் எழும்பிய பின்னரே பல கணினிகளில் உயிர்பெறும்.

பழைய கம்பி விசைப்பலகையை உடனே விற்றுவிடவோ கழித்துவிடவோ வேண்டாம். அலமாரியில் அது இருக்கட்டும்.

அமைக்கும் முறை

பெட்டியைத் திறந்ததும் விசைப்பலகை, சுட்டி, ரிசீவர், மின்கலங்கள் ஆகியவை இருக்கின்றனவா என்று சரிபார்க்கவும். ரிசீவரைக் காணவில்லையே என்று பலர் கடைக்காரரிடம் சண்டைக்குச் செல்வதுண்டு. சுட்டியின் அடிமூடியைத் திறந்தால், மின்கலம் வைக்கும் அறையின் ஓரத்தில் அது பெரும்பாலும் செருகப்பட்டிருக்கும்.

இரண்டாவது, மின்கலங்களைப் பொருத்துதல். கூட்டல் குறியும் கழித்தல் குறியும் அறையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மின்கலத்தின் தட்டையான முனை சுருள்வில் உள்ள பக்கம் இருக்க வேண்டும். ஏற்கெனவே பொருத்தப்பட்டு வந்திருந்தால், இடையில் ஒரு பிளாஸ்டிக் நாடா நீட்டிக்கொண்டிருக்கும். அதை உருவி எடுத்தாலன்றி மின்சாரம் பாயாது.

மூன்றாவது, ரிசீவரைக் கணினியின் யு.எஸ்.பி. துளையில் சொருகுதல். கணினியை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும் என்பதில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே சொருகலாம். ஒரு பக்கம் நுழையவில்லையென்றால் பலவந்தம் செய்யாமல், திருப்பிச் சொருகவும். சொருகியதும் விண்டோஸ் தானாகவே அதை அடையாளம் கண்டுகொள்ளும். குறுந்தகடு முதலியவை தேவையில்லை. சில விநாடிகள் பொறுத்திருப்பது போதும்.

நான்காவது, சுட்டியின் அடியிலும், சில விசைப்பலகைகளின் ஓரத்திலும் உள்ள சிறு தள்ளுவிசையை இயங்கும் பக்கம் தள்ளவும். சுட்டியை நகர்த்தினால் திரையில் அம்பு நகர வேண்டும். ஒரே பெட்டியில் வரும் விசைப்பலகையும் சுட்டியும் தொழிற்சாலையிலேயே தம் ரிசீவரோடு இணைக்கப்பட்டவை. ஆதலால் பெரும்பாலோருக்கு வேலை இத்துடன் முடிந்துவிடும். முடியாவிட்டால் மின்கலத்தின் திசையைப் பார்க்கவும். ரிசீவரை வேறு துளைக்கு மாற்றவும். 'கனெக்ட்' என்று குறித்த பொத்தான் இருந்தால் குறிப்பேட்டில் சொல்லியபடி அழுத்தவும்.

ஐந்தாவது, சோதனை. இதை யாரும் விடக்கூடாது. கணக்கு மென்பொருளைத் திறக்கு முன்னர், 'நோட்பேட்' என்ற வெற்றுத்தாளைத் திறந்து, ஒன்று முதல் சைபர் வரை எண்களைப் பத்து வரி அடித்துப் பார்க்கவும். வலப்புற எண் விசைகளிலும் அவ்வாறே செய்யவும். அவை எண்களைப் போடாவிட்டால் 'நம்லாக்' விசையை ஒருமுறை அழுத்த வேண்டும். பத்து வரியும் ஒரே நீளத்தில் நின்றால் விசைப்பலகை சரியாயிருக்கிறது. ஒரு வரி நீண்டோ குறைந்தோ இருந்தால், அந்த விசைப்பலகையை அங்கத்தினர் கணக்கின்மேல் வைக்காதீர்கள்.

ரிசீவருக்கு இடம்

விதைக்கு நிலம் எப்படியோ, ரிசீவருக்கு இடம் அப்படி. பெட்டியின்மேல் பத்து மீட்டர் தூரம் என்று அச்சிட்டிருந்தாலும், அது திறந்த வெளிக்குச் சொன்ன கணக்கு. நாமோ கணினிப் பெட்டியை இரும்பு மேஜைக்கடியில் தள்ளி, ரிசீவரை அதன் முதுகில் சொருகி, பக்கத்தில் எஃகு அலமாரியையும் நிறுத்துகிறோம். அலை இரும்பை ஊடுருவிச் செல்லாது. ஆகவே, ரிசீவரைக் கணினியின் முன்புறத் துளையில் சொருகுவது நலம். விசைப்பலகைக்கும் அதற்கும் இடையே ஒரு முழம், இரண்டு முழம் தூரமே இருந்தால் மிகவும் நலம்.

பல கணினிகளில் யு.எஸ்.பி. 3.0 துளையின் உட்புறம் நீல நிறமாக இருக்கும். ரிசீவருக்கு அந்த வேகம் வேண்டுவதில்லை. கறுப்பு நிறத் துளையே போதும். நீலத் துளையில் தகடோ பென் டிரைவோ சொருகும்போது, ரிசீவர் அதற்கு அண்டையில் இருத்தலாகாது. முன்புறத்தில் வேறு துளை இல்லையென்றால், யு.எஸ்.பி. நீட்டுக் கம்பி ஒன்று வாங்கி, ரிசீவரை அதன் நுனியில் பொருத்தி மேஜைமேல் வைத்துவிடலாம். நாம் கண்ட சங்கத்தில் அவ்விதமே செய்தார்கள். அதன்பின் தகடு சொருகியிருந்தபோதும் எண்களைப் பத்து வரி அடித்துப் பார்த்தோம். பத்தும் ஒரே நீளத்தில் நின்றன.

ஓர் அறையில் இரண்டு, மூன்று கணினிகள் இருந்தால் ஒன்றின் செய்தி மற்றொன்றுக்குப் போய்விடுமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். ஒவ்வொரு ரிசீவரும் தன் விசைப்பலகையின் அடையாளத்தை மட்டுமே ஏற்கும். ஆகவே அச்சம் வேண்டாம். ஆனால் உருவத்தில் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதால், ஆள் கைமாறிக் குழப்பம் வரும். விசைப்பலகை, சுட்டி, ரிசீவர் மூன்றிலும் ஒரே எண்ணைச் சிறு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

புளூடூத் வகையாயின்

பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற அரசனின் பட்டப்பெயரே புளூடூத். சிதறிய மக்களை ஒன்றுசேர்த்தவன் அவன் என்று கருதி, சாதனங்களை ஒன்றுசேர்க்கும் முறைக்கு அப்பெயரை இட்டனர். இம்முறையில் அலை ஒரே தடத்தில் நில்லாமல், விநாடிக்கு 1,600 முறை வரை தடம் மாறித் தாவிச் செல்லும். ஒரு தடத்தில் இரைச்சல் இருந்தாலும் மற்றொன்றில் செய்தி சேர்ந்துவிடும்.

இதை அமைக்கும்போது பழைய கம்பிச் சுட்டியும் விசைப்பலகையும் கைவசம் இருக்க வேண்டும். விண்டோஸ் 11இல் 'செட்டிங்ஸ்' திறந்து, 'புளூடூத் அண்ட் டிவைசஸ்' என்ற பகுதிக்குச் சென்று, புளூடூத்தை இயக்கி, 'ஆட் டிவைஸ்' என்பதை அழுத்தவும். பின்னர் புதிய விசைப்பலகையிலுள்ள இணைப்புப் பொத்தானை, அதன் விளக்கு மின்னும் வரையில் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்கவும். திரையில் அதன் பெயர் தோன்றும், அதைத் தேர்ந்தெடுக்கவும். சில எண்களைக் காட்டி அடிக்கச் சொன்னால், அவற்றைப் புதிய விசைப்பலகையிலேயே அடித்து 'என்டர்' விசையை அழுத்த வேண்டும். கணினியின் முன் அமர்ந்திருப்பவரே விசைப்பலகைக்கும் உரியவர் என்று உறுதிசெய்துகொள்ளும் முறை இது.

தமிழில் அடிக்க

விசைகளின்மேல் ஆங்கில எழுத்தே பொறித்திருப்பதால், தமிழுக்கு வேறு பலகை வாங்க வேண்டுமோ என்று கேட்கின்றனர். வேண்டுவதில்லை. எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதைத் தீர்மானிப்பது கணினிக்குள் இருக்கும் மென்பொருளே. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா சென்று வாழ்ந்த இரா. முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சுக்கு வகுத்த வழியில் பயின்றோர் அம்முறையிலேயே கணினியிலும் அடிக்கலாம். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையடுத்து அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையில், உயிரெழுத்துக்கள் பெரும்பாலும் இடக்கைப் பக்கமும், அகரமேறிய மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. கம்பியில்லாப் பலகைக்கு மாறுவதால் இவற்றுள் எதுவும் மாறாது.

மின்கலமும் மேஜையும்

மின்கலம் தேய்ந்துவரும்போது சாதனம் ஒரேயடியாக நிற்பதில்லை. அம்பு தடுமாறும், எழுத்துக்கள் விட்டுப்போகும். அதுதான் கணக்குக்கு ஆபத்தான வேளை. ஆகவே முற்றிலும் தீரும்வரை காத்திராமல், தடுமாற்றம் கண்டவுடன் மாற்றிவிட வேண்டும். ஒரு ஜோடி மாற்று மின்கலங்கள் எப்பொழுதும் மேஜை அறையில் இருக்கட்டும். பழையதையும் புதியதையும் கலந்து போடலாகாது. நீண்ட விடுமுறை வந்தால் கழற்றி வைப்பது நலம். கசிந்த மின்கலத்தின் காரநீர் உள்ளிருக்கும் தகடுகளை அரித்துவிடும். தீர்ந்தவற்றை வாய்க்காலிலோ எருக்குழியிலோ எறியாதீர்கள். மின்கலக் கழிவுகளுக்கென 2022ஆம் ஆண்டில் தனி விதிகளே வகுக்கப்பட்டுள்ளன. ஒரு டப்பாவில் சேர்த்து, அவற்றைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் ஒப்படைப்பதே முறை.

சிறிது நேரம் தொடாமலிருந்தால், மின்கலத்தைச் சேமிக்க இச்சாதனங்கள் தாமே உறங்கிவிடும். உறக்கத்திலிருந்து எழும்பும் நேரத்தில் முதல் எழுத்து விட்டுப்போவதுண்டு. ஆதலால், இடைவெளிக்குப் பின் எண் அடிக்கத் தொடங்கு முன், 'ஷிப்ட்' விசையை ஒருமுறை தொட்டுவிட்டுத் தொடங்கும் பழக்கத்தைக் குமாஸ்தாக்கள் கைக்கொள்வது நன்று.

சுட்டி கண்ணாடி மேஜைமேல் ஓடாது. அதன் வயிற்றில் ஒரு சிறு விளக்கும் ஒரு சிறு கண்ணும் உள்ளன. அக்கண் அடியிலுள்ள பரப்பை விநாடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை படமெடுத்து, படத்துக்குப் படம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கணக்கிடுகிறது. கண்ணாடியில் காண்பதற்கு அடையாளம் ஒன்றும் இல்லை. நம் தறியில் நெய்த பருத்தித் துணி ஒரு சாணை மடித்து விரித்துவிட்டால் போதும். பாவும் ஊடையும் குறுக்கிட்ட ஒவ்வொரு இடமும் அதற்கு ஓர் அடையாளமாகிவிடும். இதற்கென்று கடையில் காசு கொடுக்க வேண்டியதில்லை.

காவல்

கம்பி வழிச் செல்லும் செய்தி கம்பிக்குள் இருக்கும். காற்றில் செல்லும் செய்தியைப் பிறரும் கேட்கக்கூடும். 2016ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பாஸ்டில் என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தார், பல நிறுவனங்கள் தயாரித்த ரிசீவர் வகைச் சாதனங்களில் ஒரு குறையை வெளிப்படுத்தினர். விலை குறைந்த ஒரு கருவியைக் கொண்டு, சுமார் 100 மீட்டர் தூரத்திலிருந்தே, அந்த ரிசீவரிடம் பொய்யான விசைச் செய்திகளை அனுப்ப முடிந்தது. சில மலிவு விசைப்பலகைகள் அடித்த எழுத்துக்களை மறைக்காமலே அனுப்புவதையும் அதே ஆண்டில் அவர்கள் காட்டினர். கடவுச்சொல்லைத் தெருவில் நின்று உரக்கக் கூறுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

ஆகவே வாங்கும்போது, 128 பிட் ஏ.இ.எஸ். முறையில் செய்தியை மறைத்து அனுப்புவதா என்று பெட்டியில் பார்த்து வாங்க வேண்டும். பெயரில்லாத மலிவுச் சரக்கைச் சங்கத்திற்கு வாங்கலாகாது. வங்கிப் பரிமாற்றமும் கடவுச்சொல்லும் கையாளும் கணினிக்குக் கம்பியுள்ள விசைப்பலகையையே வைத்துக்கொள்வது உத்தமம். எந்தக் கணினியாயினும், குமாஸ்தா இருக்கையை விட்டு எழும்போது, விண்டோஸ் விசையையும் 'எல்' விசையையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டிவிட்டு எழ வேண்டும். ரொக்கப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு நாம் எழுவதுண்டோ?

ரிசீவர் மிகச் சிறியது. கூட்டுகிறபோது குப்பையோடு போய்விடும். அது தொலைந்தால், வேறு நிறுவனத்தின் ரிசீவர் பொதுவாக ஒத்துவராது. முழு ஜோடியையுமே மாற்ற நேரலாம். கணினியைப் பழுதுபார்க்க அனுப்பும்போது அதைக் கழற்றி, சுட்டியின் வயிற்றிலுள்ள அறையிலேயே வைத்துவிடுங்கள். தளவாடப் பதிவேட்டில் விசைப்பலகை, சுட்டி, ரிசீவர் என்று மூன்றையும் தனித்தனியே குறித்து வைப்பதும் அவசியம்.

அங்கத்தினர்க்கு ஒரு வார்த்தை

இதுகாறும் சொன்னவை பெரும்பாலும் காரியதரிசிக்கும் குமாஸ்தாவுக்கும் உரியவை. அங்கத்தினராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. அன்று அந்தச் சங்கத்தின் தவறு வெளிப்பட்டது கணினி நிபுணராலன்று. ரசீதை நின்று படித்த ஒரு நெசவாளராலேயே. அவர் படித்ததனால் அவருடைய கணக்கு மட்டுமன்றி, படிக்காமற் சென்ற மூவருடைய கணக்கும் நேராயிற்று. குமாஸ்தாப் பெண்மணியின்மேல் வரவிருந்த பழியும் நீங்கியது. தணிக்கை நாளில் கணக்குக்கும் இருப்புக்கும் முப்பது பாவு வேறுபடுகிறதென்று கண்டிருந்தால், அதை அந்தப் பெண்மணி எப்படி விளக்கியிருக்க முடியும்?

இப்பொழுது அந்தச் சங்கத்தில் பாவு வழங்கும் நாளன்று காலையில், முதல் ரசீதுக்கு முன் பத்து வரி எண்களை அடித்துப் பார்க்கிறார்கள். ரசீதை நீட்டும்போது எண்ணை வாய்விட்டுப் படித்துச் சொல்கிறார்கள். வாங்குபவர் ஆமென்ற பின்னரே அடுத்தவரை அழைக்கிறார்கள். இதனால் ஆளொன்றுக்கு அரை நிமிஷம் கூடுதலாகிறது. அரை நிமிஷத்தைக் கொடுத்து நம்பிக்கையைக் காத்துக்கொள்வது நஷ்டமான வியாபாரமன்று. மற்றச் சங்கத்தாரும் இவ்வழக்கத்தை மேற்கொள்வார்களென நம்புகிறோம்.